வெர்னா லாத்ராப்புக்கு வயது கூடிய வாரம்

எங்கள் ஸிகமோர் முதியோர் இல்லத்தில் எண்பத்து மூன்று வயதைத் தாண்டிய பெண் ஒருத்திகூடக் கிடையாது. இல்லம் திறந்த நாளிலிருந்து அப்படித்தான். எண்பத்து மூன்றைத் தொட்டவர்கள் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கொஞ்ச நாள் இளைப்பாறிவிட்டு எண்பதுக்குத் திரும்பி நடந்தவர்களையும் எனக்குத் தெரியும். எல்லோரும் சினிமாவில் உழைத்து ஓய்ந்தவர்கள். சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கின் வெயிலில் எலுமிச்சை மரம்கூட மூப்படையும். எங்கள் நடிகைகள் அசைந்து கொடுக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில், 1998 ஏப்ரலில், ஒரே வாரத்தில் அத்தனை பேருக்கும் வயது கூடிப்போனது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் கஸ் பாப்பதாகிஸ். ஒப்பனைக்காரன். என் தூரிகை படாத முகம் ஹாலிவுட்டில் இரண்டோ மூன்றோதான் இருக்கும், அவையும் குதிரைகளுடையவை. சலவைக்காரிகளை ராணிகளாக்கியிருக்கிறேன். ஒரு படத்துக்காக ஒரு நல்ல மனிதரைப் பல்லியாக்கினேன். மத்தியானம் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது அவருடைய நாய் ஊரைவிட்டே ஓடிவிட்டது, இன்றுவரை திரும்பவில்லை. எனக்கு எழுபத்தாறு வயது. சில வருஷங்களாகவே எழுபத்தாறுதான்.

வெர்னா லாத்ராப்பை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பெயர் தெரியாமல் பார்த்திருக்கிறீர்கள். பழைய படங்களில் கதாநாயகி கட்டிலில் குப்புற விழுந்து அழும்போது, கதவில் சாய்ந்துகொண்டு, "நான் அப்பவே சொன்னேன்ல, அந்த ஆளோட மீசையே சரியில்லன்னு" என்று சொல்லும் தோழி இருப்பாளே, அவள்தான். அப்படிப் பத்து வருஷம். பிறகு யுத்தம் வந்தது, வெர்னா அம்மாவாகிவிட்டாள். மாவு ஒட்டிய கையோடு வாசலில் நின்று மகனை ராணுவத்துக்கு அனுப்புவாள். அமெரிக்க ராணுவத்தில் பாதிப் பேரை அவள்தான் அனுப்பி வைத்தாள் என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனால் மூன்றில் ஒரு பங்கு நிச்சயம். அப்புறம் தொலைக்காட்சி. வாரா வாரம் சுடச்சுட ஆப்பிள் 'பை' பலகாரத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டிலிருந்து வரும் அத்தை. அதுவும் முடிந்ததும் காபி விளம்பரம். கடைசியில் பேய்ப் படங்களில், பரணுக்குப் போகாதே என்று எச்சரித்துவிட்டு முதல் அரைமணி நேரத்திலேயே மாடிப்படியில் உருண்டு சாகும் கிழவி. எழுபது வருஷம் கேமராவுக்கு முன்னால் நின்றாள். ஒரு படத்தில்கூடக் கதை அவளைப் பற்றியதாக இருந்ததில்லை.

அவளுடைய முகத்தின் ஒவ்வொரு மடிப்பும் எனக்கு அத்துப்படி. ஆனால் வயது மட்டும் தெரியாது. சினிமாப் புத்தகங்களில் 1915ல் பிறந்தவள் என்று போட்டிருக்கும். அதை நம்புகிறவன் ஒருவனும் எங்கள் இல்லத்தில் இல்லை. ஆண்களுக்குள் அதற்காக ஒரு பந்தயமே ஓடியது. பந்தயப் பொருள் சாயங்காலத்து ஜவ்வரிசிப் புட்டிங். நான் எண்பத்தாறின்மேல் வைத்திருந்தேன். பின்னணி இசைக்காரர் ஒருவர் நூற்று நான்கின்மேல் வைத்திருந்தார், ஆனால் அவருக்கு வெர்னாவோடு பழைய கணக்கு இருந்தது.

அந்த ஏப்ரலில்தான் ரெனாட்டா சஸ்மன் வந்தாள். இயக்குநர். இருபத்தொன்பது வயது, ராணுவ பூட்ஸ், சீப்பைக் கண்டிராத தலைமுடி. சாப்பாட்டு அறையில் நாற்காலிமேல் ஏறி நின்று பேசினாள்.

"என் படம் 1918ல வந்த விஷக்காய்ச்சலப் பத்தி. ஒரு சின்ன ஊரு, ஒரே ஒரு வயசான அம்மா, அவங்க ஞாபகம். அவ்வளவுதான் படம். பாதிப் படத்துக்கு வசனமே எழுதல. கேமரா எதிர்ல உக்காந்து அவங்க பேசணும். அதனால எனக்கு அந்தக் காய்ச்சல நிஜமாவே பார்த்தவங்க வேணும். தொண்ணூறுக்கு மேல இருக்கணும். முகத்துல பவுடர்கூடப் போடக் கூடாது."

எனக்குப் புரையேறியது. பக்கத்தில் இருந்தவர் முதுகில் தட்டினார்.

"படம் முழுக்க அந்தம்மாதானா?" என்று வெர்னா கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் கையில் இருந்த கரண்டி கோப்பைக்கும் வாய்க்கும் நடுவில் அப்படியே நின்றது.

"முதல் ஷாட்லேர்ந்து கடைசி ஷாட் வரைக்கும்" என்றாள் ரெனாட்டா.

அன்று சாயங்காலமே தொற்று பரவிவிட்டது. காலையில் எண்பதாக இருந்தவள் இரவுச் சாப்பாட்டுக்குத் தொண்ணூற்று மூன்றாக வந்தாள். போன வாரம் வரை தோட்டத்தில் டாங்கோ ஆடியவள் இரண்டு தடியை ஊன்றிக்கொண்டு நடந்தாள். காது மந்தம் என்பது திடீரென்று பெரிய கௌரவமாகிவிட்டது; உப்பு கேட்டால் மிளகு வந்தது. ஒருத்தி தன் சிறுவயதில் லிங்கனைப் பார்த்ததாகச் சொன்னாள், தோழிகள்தான் அவளைக் கொஞ்சம் இறக்கிவிட்டார்கள். அந்த ஒரு வாரத்தில் எங்கள் இல்லத்தில் கூடிய மொத்த வயதை அடுக்கினால் எகிப்தின் பிரமிடுவரைக்கும் போயிருக்கும்.

மறுநாள் காலை வெர்னா ரெனாட்டாவைப் பார்க்கப் போனாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். வரவேற்பறை சோபாவில் ரெனாட்டா காபியோடு உட்கார்ந்திருந்தாள், கண்ணில் களைப்பு.

"கண்ணு, எனக்குத் தொண்ணூத்தொண்ணு" என்றாள் வெர்னா.

ரெனாட்டா சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. "மிஸ் லாத்ராப், காலையிலேர்ந்து ஏழு பேரு வந்துட்டாங்க. எல்லாருக்கும் தொண்ணூத்தொண்ணுதான். உங்க படமெல்லாம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனா நீங்க 1915. எல்லாப் புத்தகத்துலயும் அப்படித்தான் இருக்கு. காய்ச்சல் வந்தப்ப உங்களுக்கு மூணு வயசு. மூணு வயசுக் கொழந்தைக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகுது?"

"அந்தப் புத்தகம் பொய்."

"எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"நான்தான் சொல்றேனே."

"அதான் மிஸ் லாத்ராப், எல்லாரும் சொல்றாங்க." பிறகு மனது இளகியவளைப் போல, "சனிக்கிழமை கேமரா கொண்டு வர்றேன். ஒருதரம் எதிர்ல உக்காந்து பேசிப் பாருங்க. அதுக்கு மேல நான் என்ன பண்றது" என்றாள்.

வெளியே வந்ததும் நான் வெர்னாவின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினேன். அறுபது வருஷமாக எனக்குள் உறுத்திக்கொண்டிருந்த கேள்வி அது. "இங்க யாரும் இல்ல. நிஜத்தச் சொல்லு."

"தொண்ணூத்தொண்ணு, கஸ்."

"சத்தியமா?"

"1907. நெப்ராஸ்கா. முப்பத்து மூணுல ஸ்டுடியோ விளம்பர ஆபீஸ்ல ஷாப்னு ஒருத்தன் இருந்தான். சுருட்டப் பத்த வெச்சான், என்னை ஒரு பார்வை பார்த்தான், எட்டு வருஷத்த ஊதித் தள்ளிட்டான். எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. யாரு வேணாம்னு சொல்லுவா? அப்புறம் எங்க ஊர்ல சூறாவளி வந்து கோர்ட்டு கட்டடத்தையே தூக்கிட்டுப் போயிடுச்சு. பிறப்புப் பதிவெல்லாம் பக்கத்து மாநிலம் அயோவா மேல பறந்துச்சாம். அன்னிக்கு நான் விருந்து வெச்சேன், கஸ்."

ஐந்து வருஷ வித்தியாசத்தில் என் புட்டிங் பறிபோனது. ஆனால் அதைப் பற்றி நினைக்கவே தோன்றவில்லை. அவள் முகத்தை உற்று உற்றுப் பார்த்தேன். இத்தனை வருஷம் என் விரல்களுக்கடியிலேயே எட்டு வருஷம் ஒளிந்திருந்திருக்கிறது.

"வேற யாருக்காவது தெரியுமா? கூடப் படிச்சவங்க, கூட நடிச்சவங்க?"

வெர்னா நடையில் இருந்த ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தாள். ஆரஞ்சு மரத்தடியில் இமோஜீன் ஃபார், பெரிய வைக்கோல் தொப்பியோடு, ஓரின் டால்ட்ரி படித்துக் காட்டும் செய்தித்தாளைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐயோ" என்றேன் நான்.

இமோஜீனும் வெர்னாவும் அறுபது வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. 1938ல் ஒரு படம். வெர்னாவுக்குத் திரை நிறைய முகம் காட்டும் ஒரே ஒரு காட்சி, அவள் வாழ்க்கையிலேயே அது ஒன்றுதான் அப்போது. கேமரா ஓடும்போது பக்கத்தில் நின்ற இமோஜீன் அரை அடி நகர்ந்தாள். அவள் தொப்பியில் இருந்த இறகின் நிழல் வெர்னாவின் மேலுதட்டில் விழுந்தது. படம் வெளிவந்தபோது வெர்னாவுக்கு மீசை இருந்தது. வேண்டுமென்றே செய்தாளா, கால் வலித்ததால் நகர்ந்தாளா என்பதுதான் ஹாலிவுட்டின் தீராத வழக்கு. இப்போது விதி அவர்களை ஒரே மேஜையில் உட்கார்த்தி வைத்திருந்தது. "கஸ், அந்தம்மாகிட்ட வெண்ணெயக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லு" என்பாள் ஒருத்தி. "கஸ், கை இருக்கில்ல, எட்டி எடுத்துக்கச் சொல்லு" என்பாள் இன்னொருத்தி. வெண்ணெய்த் தூதனாகவே நான் தேய்ந்துபோனேன்.

வெர்னா தோட்டத்துக்குள் நேராக நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்; உதவிக்கு என்று சொல்லிக்கொள்ளலாம், நிஜத்தில் ஆர்வம் தாங்கவில்லை. ஓரினை எலுமிச்சைச் சாறு கொண்டுவர அனுப்பிவிட்டேன். அவர் ஓய்வுபெற்ற ஒளிப்பதிவாளர், உயரமான மனிதர், நல்லவர், இமோஜீனை "என் சின்னப் பொண்ணு" என்று கூப்பிடுவார். ஜூனில் அவர்களுக்குக் கல்யாணம் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது.

"இமோஜீன்" என்றாள் வெர்னா.

இமோஜீன் தொப்பியைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "கஸ், அந்தம்மா வழி தெரியாம வந்துட்டாங்கபோல."

"உன்னத்தான் பார்க்க வந்தேன். நேராவே பேசறேன். நாம ரெண்டு பேரும் சேர்ந்து 1924ல வேலை பார்த்தோம். அந்தக் கன்னிமாடம் தீப்பிடிக்கிற படம். ஒரே வரிசையில நின்னோம். அந்தப் படச் சுருள் அப்பவே எரிஞ்சு போச்சு. இப்ப உயிரோட இருக்கற சாட்சி நீ ஒருத்திதான். அந்தப் பொண்ணுகிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லு."

"1924ல எனக்கு ஏழு வயசு" என்றாள் இமோஜீன், நிதானமாக. "கன்னியாஸ்திரியா எப்படி நின்னிருப்பேன்?"

"உனக்குப் பதினெட்டு. நாம மூணு மாசம் ஒரே அறையில இருந்தோம். என் காலுறையப் போட்டுக்கிட்டுத்தான் நீ நடிக்கவே போன."

"சத்தமா பேசாத." இமோஜீன் கட்டடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ஓரினுக்கு என் வயசு எண்பத்தொண்ணு. புரியுதா? ஐம்பது வருஷம் வயித்தக் கட்டி, வாயக் கட்டி, வெயில்ல போகாம, சிரிச்சா சுருக்கம் விழும்னு சிரிக்காம, சேர்த்து வெச்ச பதினோரு வருஷம்டி அது. அத உனக்காக ஒரே நாள்ல தூக்கிக் கொடுத்துடணுமா?"

"எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

"எல்லாருக்கும் ஏதோ ஒண்ணுதான் இருக்கு."

"இமோஜீன், எழுபது வருஷமா நான் கதவத் திறந்து விட்டிருக்கேன். 'மேடம், கார் வந்துடுச்சு.' 'ஐயா, டாக்டர் வந்திருக்காரு.' உள்ள வந்தவங்களப் பத்தித்தான் கதை. கதவு பக்கத்துல நிக்கறவ என்ன ஆனான்னு ஒருத்தனும் கேட்டதில்ல. இப்ப ஒருத்தி கேட்கிறா. நான் யாருன்னு அவ நம்ப மாட்டேங்கறா."

இமோஜீன் தொப்பியை இறக்கிக்கொண்டாள். "அந்த இறகு விஷயத்துல நான் வேணும்னு பண்ணல. அதையாவது நீ நம்பியிருக்கலாம்" என்றாள். அதற்குள் ஓரின் சாறோடு வந்துவிட்டார். "என்ன சின்னப் பொண்ணு, கூட்டமா இருக்கு?" என்றார். இமோஜீன் அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் எண்பத்தொன்றுகூட இல்லை.

சனிக்கிழமை இல்லமே பொது அறையில் கூடிவிட்டது. நடக்க முடியாது என்று அந்த வாரம் முழுக்க நடித்தவர்கள்தான் முதல் வரிசைக்கு ஓடி வந்தார்கள். ஓரினும் இமோஜீனும் கடைசியில், கதவோரமாக உட்கார்ந்தார்கள். கேமராவுக்கு எதிரே ஒரு சாதாரண நாற்காலி. வெர்னா வந்து உட்கார்ந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. புருவம்கூட இல்லை. அறுபது வருஷத்தில் நான் முதல்முறையாக அவளைப் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். காய்ந்த ஆப்ரிகாட் பழம்போல இருந்தாள், ரொம்ப அழகாக இருந்தாள்.

"உங்க ஊரப் பத்திச் சொல்லுங்க" என்றாள் ரெனாட்டா.

வெர்னா நடிக்க ஆரம்பித்தாள்.

எனக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. கை நடுங்கியது, அழகாக, ஒரே தாளத்தில். குரல் உடைந்தது, உடைய வேண்டிய இடத்தில் மட்டும். ஜன்னலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். பேய்ப் படத்துக் கிழவி அப்படியே எழுந்து வந்துவிட்டாள், மாடிப்படிதான் இல்லை. நிஜமாகவே தொண்ணூற்றொன்று வயதான ஒருத்தி, தொண்ணூற்றொன்று வயதுக் கிழவியாக நடிக்கிறாள், அதைப் பார்த்தால் ஒருவனுக்கும் நம்பிக்கை வராது. இந்தத் தப்பை எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது. தபால்காரரின் மனைவியாக இருந்திருந்தால் நடிக்காமல் உட்கார்ந்து பேசியிருப்பாள்.

ரெனாட்டா கேமராவுக்குப் பின்னாலிருந்து தலையை வெளியே எடுத்தாள். "மிஸ் லாத்ராப். ரொம்ப நல்லா பண்றீங்க. ஆனா பண்றீங்க."

"நான் ஒண்ணும் பண்ணலையே, கண்ணு."

"கை."

வெர்னா கையைப் பார்த்தாள். நடுங்கிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். அப்படி உடனே நிறுத்தியதுதான் இன்னும் மோசமாகப் போயிற்று. முதல் வரிசையில் யாரோ செருமினார்கள். இன்னொருமுறை முயன்றாள், இந்த முறை குரலைக் குறைத்து. இன்னொருமுறை. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு படத்தில் நான் பூசிய முகம்தான் வந்தது. ரெனாட்டா கேமராவை அணைக்கக் கையை நீட்டினாள்.

அப்போதுதான் அறையின் கடைசியில் யாரோ முனகும் சத்தம் கேட்டது.

பேசாப் படங்களின் காலத்தில், படப்பிடிப்பில் சத்தம் இருக்கலாம் என்பதால், கேமராவுக்குப் பக்கத்திலேயே ஒரு வயலின்காரனை உட்கார்த்தி வைப்பார்கள். நடிகைகளை அழ வைப்பதுதான் அவன் வேலை. ஒவ்வொரு வயலின்காரனிடமும் சொந்தமாக ஒரு மெட்டு இருக்கும். வாரக்கணக்கில் அதே மெட்டைக் கேட்டு அழுது அழுது, கடைசியில் முதல் இழுப்பிலேயே கண்ணீர் கொட்டிவிடும். சோகம் தேவையில்லை. உடம்புக்குப் பழகிவிடும், மணியடித்தால் பசிப்பதைப் போல. பேசும் படம் வந்தது, வயலின்காரர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மெட்டுகளை யாரும் எழுதி வைக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அப்படி ஒரு வழக்கம் இருந்தது என்று கேள்விதான்.

முனகியது இமோஜீன். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், ஏதோ ஒரு கிராமத்துத் தாலாட்டுப் போன்ற மெட்டு. இழுத்து, நின்று, ஒரு படி இறங்கி, மறுபடி இழுத்து. அவ்வளவு பெரிய அறையில் அது கொசுவின் சத்தம் அளவுக்குத்தான் இருந்தது.

நாற்காலியில் இருந்த வெர்னாவின் முகம் மாறவே இல்லை. கை நடுங்கவில்லை. பெருமூச்சு இல்லை. ஆனால் இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் இறங்கத் தொடங்கியது, மழைக்குழாய் திறந்த மாதிரி. அவளே ஆச்சரியப்பட்டுக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "ஹோர்வாத்" என்றாள். "பாவி மனுஷன்."

நான் திரும்பிப் பார்த்தேன். முனகிக்கொண்டிருந்த இமோஜீனின் முகமும் நனைந்திருந்தது. அவளாலும் அடக்க முடியவில்லை. அந்த வரிசையில் நின்றவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய கண்ணீர் அது, அது வந்துவிட்டால் 1924ல் ஏழு வயது என்று யாரிடமும் சொல்ல முடியாது. அது தெரிந்துதான் முனக ஆரம்பித்திருக்கிறாள்.

"என்ன பாட்டு அது?" என்றாள் ரெனாட்டா, மெதுவாக.

இமோஜீன் எழுந்து நின்றாள். "பாட்டில்ல. எங்க வயலின்காரன் ஹோர்வாத்தோட மெட்டு. கன்னிமாடம் எரியும்போது நாங்க ஒரு வரிசை பொண்ணுங்க அழணும். அவ எனக்கு இடது பக்கம் நின்னா. அவளுக்குத் தொண்ணூத்தொண்ணுதான். எனக்கு எப்படித் தெரியும்னா, நான் அவளவிட ஒரு வருஷம் மூத்தவ." கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இத நான் சொல்லியிருக்கவே மாட்டேன். ஆனா எழுபது வருஷத்துல இவ இவ்வளவு மோசமா நடிச்சு நான் பார்த்ததில்ல. பார்த்துக்கிட்டு எப்படிச் சும்மா உக்காந்திருக்கறது?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ஓரினைப் பார்த்தார்கள். ஓரின் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெனாட்டா கேமராவை அணைக்கவில்லை. "மிஸ் லாத்ராப்" என்றாள். "பதினொரு வயசுல நீங்க எங்க இருந்தீங்க?"

வெர்னா கன்னத்தைத் துடைக்க மறந்துவிட்டாள். தட்டையான குரலில், கடைக்குப் போகும்போது என்ன வாங்க வேண்டும் என்று சொல்வதைப் போலப் பேசினாள்.

"ஜன்னல்ல. எங்கம்மாவுக்குக் காய்ச்சல். என்னையும் தங்கச்சியையும் பிரிச்சு வெச்சாங்க. அவள எதிர் வீட்ல, சித்தி வீட்ல விட்டாங்க. தெருவுல இறங்கக் கூடாது. மாவு மூட்டைத் துணியக் கிழிச்சு வாய்ல கட்டி விட்டிருந்தாங்க, அதுல மில்லுக்காரனோட பேரு என் வாய்க்கு மேலயே அச்சடிச்சிருக்கும். சாயங்காலம் விளக்கு வெச்சதும் ரெண்டு பேரும் அவங்கவங்க ஜன்னலுக்கு வந்து கை ஆட்டணும். உயிரோட இருக்கோம்னு அதுதான் அடையாளம். அவ பேரு நெல். ரெண்டு கையையும் ஆட்டுவா, கொரங்கு மாதிரி குதிப்பா. ஒருநாள் ஜன்னல்ல அவ இல்ல. மறுநாளும் இல்ல. எங்க வீட்ல யாரும் எதுவும் சொல்லல. நான் தினமும் போய் கை ஆட்டினேன். பனி விழற வரைக்கும் ஆட்டிட்டே இருந்தேன்."

"ஏன்?" என்றாள் ரெனாட்டா.

"போதும், நிறுத்துன்னு யாரும் சொல்லலையே, கண்ணு."

ரெனாட்டாவும் "போதும்" என்று சொல்லவில்லை. பிறகு எழுந்து வந்து, பூட்ஸ் கால்களோடு வெர்னாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வேடம் யாருக்கு என்று அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. தடியோடு வந்தவர்கள் தடியை அறையிலேயே போட்டுவிட்டு நடந்து போனார்கள்.

கதவோரத்தில் ஓரின் ஒருவழியாக வாயைத் திறந்தார். "தொண்ணூத்திரண்டா?"

"ஆமா" என்றாள் இமோஜீன். "வேணாம்னா சொல்லிடுங்க. இப்பவே சொல்லிடுங்க."

"நான் உன்கிட்ட எண்பத்திரண்டுன்னு சொல்லியிருந்தேன்ல?"

"ஆமா."

"எண்பத்தெட்டு" என்றார் ஓரின். "சொன்னா நீ கெழவன்னு விட்டுடுவியோன்னு பயம்."

இமோஜீன் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பொய்க்காரன்" என்று சொல்லிவிட்டு, அவர் கையில் தன் கையை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் படம் என்றால் காப்பீடு வேண்டும். முக்கிய நடிகர் நடுவில் செத்துப்போனால் யார் தலையில் விழுவது என்பதற்காகக் காப்பீட்டு நிறுவனம் ஒரு டாக்டரை அனுப்பிச் சோதிக்கும். அந்த டாக்டர் வருவதற்கு முந்தின நாள் ரெனாட்டா என் அறைக்கு வந்தாள். நிஜம் நிஜம் என்று நாற்காலிமேல் ஏறிக் குதித்த பெண், கதவருகே நின்று பூட்ஸால் தரையைச் சுரண்டினாள்.

"மிஸ்டர் பாப்பதாகிஸ், தொண்ணூறத் தாண்டினவங்கள அவங்க எடுத்துக்க மாட்டாங்களாம். காப்பீடு இல்லன்னா படமே இல்லன்னு தயாரிப்பாளர் சொல்றாரு."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"உங்ககிட்ட இன்னும் அந்தப் பெட்டி இருக்கா?"

"எந்தப் பெட்டி?" தெரியாதவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டேன். அவள் வாயால் கேட்க வேண்டும் என்று ஆசை.

"ஒப்பனைப் பெட்டி" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. "எண்பத்து மூணு இருந்தா போதும். புத்தகத்துல அப்படித்தானே இருக்கு."

என் வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பான வாக்கியத்தை யாரும் சொன்னதில்லை. காலையில் வெர்னாவை ஜன்னலோரம் உட்கார வைத்து வேலையை ஆரம்பித்தேன். உற்சாகத்தில் கை தாண்டிப்போய் எழுபத்தொன்பதுக்கு இறக்கிவிட்டேன். பிறகு உட்கார்ந்து நாலு வருஷத்தைத் திரும்ப ஏற்ற வேண்டியதாயிற்று.

டாக்டர் சின்னப் பையன், நாற்பதுகூட இருக்காது. இதயத் துடிப்பைக் கேட்டார், முழங்காலைத் தட்டினார், கண்ணில் வெளிச்சம் அடித்தார். இமோஜீன், யாரும் கூப்பிடாமலே, அறை மூலையில் பின்னல் வேலையோடு உட்கார்ந்திருந்தாள். அவளும் வெர்னாவும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். பேசாமல் இருந்த காலமே நிம்மதி என்று இல்லம் முழுக்க அபிப்பிராயம்.

"எண்பத்து மூணுக்கு இந்த இதயம் ரொம்ப நல்லாருக்கு, மிஸ் லாத்ராப். என்ன ரகசியம்?"

"பொய் பேசறதில்ல, டாக்டர்" என்றாள் வெர்னா. ஒரு புருவம்கூட அசையவில்லை. நான் வரைந்த புருவம்.

டாக்டர் பேனாவை எடுத்தவர், கொஞ்சம் தயங்கினார். "கேட்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. இந்த இல்லத்துல உங்க வயசப் பத்தி ஏதேதோ பேச்சு அடிபடுது. தொண்ணூறுக்கு மேலன்னு ஒரு நர்ஸ்கூடச் சொன்னாங்க."

நான் பெட்டியை மூடினேன், திறந்தேன், மறுபடி மூடினேன். வெர்னா திரும்பி இமோஜீனைப் பார்த்தாள்.

இமோஜீன் ஊசியைக் கீழே வைக்கவில்லை. "டாக்டர், எனக்கு இவள கொழந்தையிலேர்ந்து தெரியும். எனக்கு எண்பத்தொண்ணு. இவ என்னைவிட ரெண்டு வயசு மூத்தவ. எப்பவுமே மூத்தவதான். பள்ளிக்கூடத்துலயே பார்க்கறதுக்குக் கொஞ்சம் முத்தலாத்தான் இருப்பா."

வெர்னாவின் கழுத்தில் சிவப்பு ஏறுவதை நான் பார்த்தேன். அத்தனை அடுக்குப் பூச்சையும் மீறி ஏறியது. அவள் இடுப்பில் கை வைத்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், படம் போய்விடும். எழுபது வருஷம் காத்திருந்த படம்.

"ஆமாங்க டாக்டர்" என்றாள் வெர்னா, பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி. "அவ சின்னவ."

டாக்டர் கையெழுத்துப் போட்டார்.